கணினிக்கும் கண்காணி வேண்டும்



மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகே கூமாப்பட்டி என்றோர் ஊர் இருக்கிறது. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு ஆகிய இரண்டு அணைகளும், தென்னந்தோப்புகளும், நெல்வயல்களும் சூழ்ந்த ஊர். அதற்கு அண்மையிலுள்ள கான்சாபுரத்தின் பெயர், 18 ஆம் நூற்றாண்டில் மதுரையை நிர்வகித்த கான்சாகிபு யூசுப்கானை நமக்கு நினைவூட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்துக்கு வெளியே அதிகம் அறியப்படாதிருந்த கூமாப்பட்டி, 2025 ஜூன் மாதத்தில் தமிழகம் முழுவதும் பேசப்பட்டது. ஊர்க்காரர் ஒருவர் தம் கைபேசியில் படம்பிடித்துச் சமூக ஊடகத்தில் வெளியிட்ட காணொளிகளே அதற்குக் காரணம்.

காணொளியைக் கண்டவர்கள் வெளியூர்களிலிருந்து திரண்டு வந்தார்கள். அணையில் குளிக்க அனுமதி இல்லை என்று அதிகாரிகள் அறிவிக்க நேர்ந்தது. வந்தவர்களில் பலர் ஏமாற்றத்துடன் திரும்பினார்கள். ஆயினும் அந்த ஆரவாரம் அரசின் செவியையும் எட்டியது. அணைப் பூங்காவை மேம்படுத்த நிதி ஒதுக்கப்படும் செய்தி அவ்வாண்டிலேயே வந்தது.

ஒரு கைபேசி ஊரையே திரட்டிவிட்டது. அரசையும் திரும்பிப் பார்க்க வைத்தது. மகிழத்தக்கதுதான். ஆனால் அதே வட்டாரத்தில், கணவரை இழந்த ஒரு மூதாட்டியின் பட்டாவில் பெயர் தவறாக இருக்குமானால், அதை இலட்சம் பேர் பார்த்து இரசிக்கப் போவதில்லை. முதியோர் உதவித்தொகை நின்றுபோன செய்தி எந்தத் திரையிலும் பரவுவதில்லை. குடும்பங்களை வாட்டும் குறைகள் பெரும்பாலும் ஓசையற்றவை. அந்த ஓசையற்ற குறைகளை அரசிடம் கொண்டுசேர்த்து, தீர்வு கிடைக்கும்வரை விடாமல் பின்தொடர்வதற்கு இன்றைய தொழில்நுட்பம் எந்த அளவுக்குத் துணைநிற்கிறது? நாம் அதற்கு எந்த அளவுக்குத் துணைநிற்க வேண்டும்? இம்மாதம் இதைச் சிந்திப்போம்.

அன்றும் இன்றும்

கூமாப்பட்டி முன்பு இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1910 இல் உருவாக்கப்பட்ட அம்மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் மதுரையில் இயங்கியது. தம் மாவட்டத்தின் ஆட்சியரைக் காண விரும்பியவர், தம் மாவட்டத்தை விட்டே வெளியேறி அடுத்த மாவட்டத்துக்குப் பயணம் செய்ய வேண்டியிருந்த காலம் அது! 1985 இல் மாவட்டம் பிரிக்கப்பட்டு, விருதுநகர் தலைநகரமாயிற்று. பின்னர் வத்திராயிருப்பே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பிரிந்து தனி வட்டமாயிற்று. இவ்வாறு அரசு அலுவலகம் சிறிது சிறிதாக மக்களை நெருங்கி வந்தது.

அடுத்த அடியைக் கணினி எடுத்து வைத்தது. இன்று வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பட்டா, சிட்டா விவரங்களை வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். சொத்தின் வில்லங்க விவரத்தையும் இணையத்தில் தேடலாம். 2018 பிப்ரவரியில் பத்திரப்பதிவும் மாநிலம் முழுவதும் இணையவழிக்கு மாறியது. 2017 இல் குடும்ப அட்டை மின்னணு அட்டையாக மாறியபின், ரேஷன் கடையில் பொருள் வாங்கியதும் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது.

ஒரு கையெழுத்துக்காக மூன்று நாள் கூலியை இழந்தவர்களுக்கு இவையெல்லாம் எத்தகைய விடுதலை என்பதை விளக்க வேண்டியதில்லை. எனினும், கணினி வந்துவிட்டதாலேயே நிர்வாகம் சீர்பட்டுவிட்டது என்று முடிவுகட்ட இயலுமா?

மேலூர் தந்த பாடம்

இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 இல் ஒரு முயற்சி தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கம்பியில்லாத் தொலைத்தொடர்பு முறையைக் கொண்டு, கிராமங்களில் ஏறத்தாழ 80 இணைய நிலையங்கள் அமைக்கப்பட்டன. கைபேசியில் இணையம் என்பதே கனவாக இருந்த அக்காலத்தில், கிராமத்து மக்கள் சான்றிதழ் விண்ணப்பங்களையும் மனுக்களையும் மின்னஞ்சல் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். கண்நோயாளிகள் தங்கள் கண்ணின் படத்தை அனுப்பி மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆலோசனையைப் பெற்றார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் வந்து ஆராயும் அளவுக்கு அது புகழ்பெற்றது.

பின்னர் நடந்தது என்ன? தனிநபர்கள் நடத்திய நிலையங்களில் பெரும்பாலானவை 2005 க்குள் மூடப்பட்டன. போதிய வருமானம் கிடைக்காதது ஒரு காரணம். ஆய்வாளர்கள் கண்ட மற்றொரு காரணம் நம் கவனத்துக்குரியது. இத்திட்டத்தில் ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாறுதலாகிச் சென்றபின், மின்னஞ்சலில் வந்த மனுக்களுக்கு முன்போல் பதில் கிடைக்கவில்லை. பதில் வராத இடத்துக்கு மக்கள் எத்தனை நாள் வருவார்கள்?

கம்பியில்லா முறை பழுதாகிவிடவில்லை, கணினியும் கெட்டுவிடவில்லை. மறுமுனையில் அமர்ந்து மனுவைத் திறந்து படிக்கும் மனிதர்தாம் இல்லாமற் போனார். ஓர் அதிகாரியின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்கும் சீர்திருத்தம், அவருடைய மாறுதல் உத்தரவோடு சேர்ந்து மாறிவிடுகிறது. அதிகாரி மாறினாலும் மாறாத விதி ஒன்று வேண்டும். அவ்விதி நடைமுறையில் இருக்கிறதா என்று கேட்கும் மக்களும் வேண்டும்.

விதி எப்படி அமைய வேண்டும் என்பதற்குக் கர்நாடகத்தின் 'பூமி' திட்டம் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே 2001 ஆம் ஆண்டையொட்டி, ஏறத்தாழ 67 இலட்சம் விவசாயிகளின் 2 கோடி நில ஆவணங்கள் கணினியில் ஏற்றப்பட்டன. 15 ரூபாய் செலுத்தினால் நில ஆவண நகல் கிடைத்தது. ஆனால் அத்திட்டத்தின் உயிர்நாடி வேறோரிடத்தில் இருந்தது. உரிமை மாற்றத்துக்கு வரும் மனுக்களை வந்த வரிசைப்படியே எடுத்தாக வேண்டும் என்று கணினியில் விதி எழுதப்பட்டது. வேண்டியவரின் மனுவை முன்னால் இழுப்பதும், வேண்டாதவரின் மனுவை அடியில் தள்ளுவதும் கடினமாயின. பதிவை மாற்றும் ஊழியர் தம் விரல்ரேகையைப் பதித்த பின்னரே உள்ளே நுழைய முடிந்தது. ஆகவே யார் செய்தார் என்ற கேள்விக்கு ஆவணமே சாட்சி சொன்னது. ஏழையின் மனுவுக்கும் செல்வந்தரின் மனுவுக்கும் ஒரே வரிசை! நிர்வாகச் சீர்திருத்தத்தின் சாரம் இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது.

பிழைக்கும் வேகம் உண்டு

கணினி நன்மையை விரைவாக்குவதுபோலவே பிழையையும் விரைவாக்கும். தமிழகத்தில் 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் பெரும்பணி நடைபெற்றது. 'யு.டி.ஆர்.' என்று சொன்னால் கிராமத்தில் அனைவருக்கும் புரியும். அப்போது ஒருவருடைய நிலம் மற்றொருவர் பெயரில் ஏறியதும், பரப்பளவு குறைந்து பதிவானதும், தந்தை பெயர் மாறியதும் உண்டு. பிற்காலத்தில் அப்பதிவேடுகள் கணினியில் ஏற்றப்பட்டபோது, அப்பிழைகளும் கூடவே ஏறின. பழைய பதிவேட்டில் தவறு இருந்தால், 'எழுதியவர் கைதவறியிருப்பார்' என்று கேட்பவர் ஒப்புக்கொள்வார். கணினி அச்சிட்டுத் தந்தால், 'கம்ப்யூட்டரிலேயே இப்படித்தான் இருக்கிறது' என்று பேச்சை முடித்துவிடுகிறார்.

இந்த மயக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் அஞ்சலகங்களின் கணக்குக்காக 'ஹொரைசன்' என்னும் கணினி முறை கொண்டுவரப்பட்டது. பணம் குறைகிறது என்று அந்தக் கணினி காட்டியதை நம்பி, 1999 முதல் 2015 வரை 900 க்கும் மேற்பட்ட சிற்றஞ்சலக நடத்துநர்கள் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குச் சென்றார்கள்; பலர் வீட்டையும் சேமிப்பையும் இழந்தார்கள். குறை அவர்களுடைய கல்லாவில் இல்லை, கணினி முறையில்தான் இருந்தது என்பது பின்னர் வெளிப்பட்டது. அத்தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக நீக்க 2024 இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. வளர்ந்த நாட்டிலேயே இந்நிலை என்றால், திரையில் தெரிவதை வேதவாக்காகக் கொள்வது எத்துணை ஆபத்து!

நம் வீட்டுக்கு அருகிலும் ஒன்றைப் பாருங்கள். 2020 அக்டோபர் முதல் தமிழக ரேஷன் கடைகளில் கைரேகைப் பதிவு நடைமுறைக்கு வந்தது. பொருள் வேறொருவர் கைக்குப் போகாமல் தடுக்கும் நல்ல நோக்கம் கொண்ட ஏற்பாடு. ஆனால் பீடி சுற்றியும், பாத்திரம் துலக்கியும், வயலில் உழைத்தும் ரேகை தேய்ந்த பெண்களின் விரலைக் கருவி ஏற்க மறுத்தது. கருவியின் கண்ணுக்கு அவர் அந்நியர். தெருவுக்கே தெரியும் அவர் யாரென்று! மக்கள் முறையிட்ட பிறகே மாற்றுவழிகள் வந்தன; கண் கருவிழியைக் கொண்டு அடையாளம் காணும் கருவிகளும் சேர்க்கப்பட்டன. முறையிடாதிருந்தால் அந்த மூதாட்டிகளின் குறை எந்தக் கணக்கிலும் ஏறியிராது.

கேட்டவர்களுக்குக் கிடைத்தது

எனவே மக்கள் பங்கேற்பு என்பது மேடையில் கைதட்டுவதோ, திறப்பு விழாவில் நிற்பதோ ஆகாது. அது கணக்குக் கேட்பது. இதனை நாட்டுக்குக் கற்றுத் தந்தவர்கள் இராஜஸ்தானத்து ஏழை உழைப்பாளர்கள். 1994 டிசம்பரில் கோட்கிரானா என்னும் கிராமத்தில் அவர்கள் ஒரு பொது விசாரணை நடத்தினார்கள். அரசுப் பணிக்கான கூலிப்பட்டியலை மக்கள் முன் உரக்கப் படித்தார்கள். வேலையே செய்யாதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருப்பது அப்போது வெளிப்பட்டது. 1996 இல் பியாவர் நகரில் 40 நாட்கள் அமர்ந்து போராடினார்கள். கணினி ஒன்றும் அவர்களிடம் இல்லை. 'எங்கள் பணத்தின் கணக்கு எங்களுக்கு வேண்டும்' என்ற எளிய நியாயம் மட்டுமே இருந்தது.

தமிழகமும் 1997 இலேயே தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. 2005 அக்டோபர் 12 இல் நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது அதன் விதி. பின்னர் 2019 இல் இராஜஸ்தான் அரசு, ரேஷன், உதவித்தொகை, ஊரக வேலை ஆகியவற்றின் விவரங்களை யாரும் கேட்காமலே காணும்படி இணையத்தில் திறந்து வைத்தது. முதலில் மக்கள் கேட்டார்கள்; அடுத்துச் சட்டம் பிறந்தது; அதன் பின்னரே தொழில்நுட்பம் அதற்கு வடிவம் தந்தது. இந்த வரிசையை நாம் மறந்துவிடக்கூடாது.

தமிழகத்தில் திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் கூட்டம் நெடுநாளைய ஏற்பாடு. 2021 இல் 'முதல்வரின் முகவரி' என்னும் துறை உருவாக்கப்பட்டு, மனுக்களுக்கு எண் கொடுத்து இணையத்தில் கண்காணிக்கும் முறை வலுப்படுத்தப்பட்டது. 2025 ஜூலை 15 இல் தொடங்கிய 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களில் பெறும் மனுக்களுக்கு 45 நாட்களில் தீர்வு என்று அறிவிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையில், விண்ணப்பம் ஏற்கப்படாதவர்கள் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வழி தரப்பட்டது. ஆட்சிகள் மாறலாம், திட்டங்களின் பெயர்களும் மாறலாம். மனுவுக்கு ஓர் எண், பதிலுக்கு ஒரு கெடு, மறுத்தால் மேல்முறையீடு என்ற இம்மூன்றையும் நாம் எந்த ஆட்சியிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நம் இல்லங்களில் செய்ய வேண்டியவை

தாய்மார்களே, சகோதரிகளே! பெரும்பாலான குடும்பங்களில் ஆண்கள் தொழில் நிமித்தம் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். வீட்டின் ஆவணங்கள் உங்கள் பொறுப்பில்தான் இருக்கின்றன. ஆகவே பின்வருவன முதன்மையாக உங்களுக்கே.

முதலாவது, பெயர். நம் வீடுகளில் அப்துர் ரஹ்மான், அப்துல் ரகுமான், அப்துல்ரஹ்மான் என்று ஒரே மனிதருக்கு மூன்று எழுத்து வடிவங்கள் இருக்கும். பள்ளிச் சான்றில் ஃபாத்திமா, குடும்ப அட்டையில் பாத்திமா, பத்திரத்தில் பாத்துமா பீவி. மனிதர் பார்த்தால் ஒருவரே என்று உணர்வார். கணினிக்கு இவர்கள் மூவர். 2025 நவம்பர் 4 இல் தமிழகத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002, 2005 ஆம் ஆண்டுப் பழைய பட்டியல்களில் தம் பெயரையும் பெற்றோர் பெயரையும் தேடி எத்தனை குடும்பங்கள் திணறின! அவ்வாண்டு டிசம்பர் 19 இல் வெளியான வரைவுப் பட்டியலில் 97 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. இறந்தோர், குடிபெயர்ந்தோர், இரட்டைப் பதிவுகள் என்று காரணங்கள் கூறப்பட்டன. நம் பெயர் இருக்கிறதா என்று நாமே பார்ப்பதைத் தவிர வேறு காப்பு இல்லை. வீட்டிலுள்ள ஒவ்வொருவருடைய ஆவணங்களையும் ஒருநாள் விரித்து வைத்து, எழுத்துகளை ஒப்பிட்டு, வேறுபாட்டை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். தேவை வரும் நாளில் கெடு குறுகியதாக இருக்கும்.

இரண்டாவது, கைபேசி எண். அவசரத்தில் விண்ணப்பிக்கும்போது, மையம் நடத்துபவரின் எண்ணையோ அண்டைவீட்டார் எண்ணையோ கொடுத்துவிடுகிறோம். 'உங்கள் விண்ணப்பத்தில் ஆவணம் குறைகிறது' என்ற செய்தி அவர்களுக்குப் போய்ச் சேருகிறது. நாமோ மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். உங்கள் குடும்பத்தாரின் எண்ணையே கொடுங்கள். அந்த எண்ணுக்கு வரும் இரகசியக் குறியீட்டை மட்டும் தொலைபேசியில் கேட்கும் எவரிடமும் சொல்லாதீர்கள்.

மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகம். எந்த நாளில், எந்த அலுவலகத்துக்கு, எதற்காக விண்ணப்பித்தோம், ஒப்புகைச் சீட்டின் எண் என்ன, என்ன பதில் வந்தது என்பவற்றை எழுதி வையுங்கள். மளிகைக் கணக்கு எழுதும் கைக்கு இது பெரிய வேலையன்று. 'போன மாதம் வந்தேன்' என்று சொல்பவரைத் திருப்பி அனுப்புவது எளிது. நாளும் எண்ணும் சொல்பவருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதில் எழுத்தில் வரவில்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்காகவே இருக்கிறது.

நான்காவது, ஆண்டுக்கு ஒருமுறையேனும் பட்டாவைப் பாருங்கள். வாங்கிய நிலம் இன்னும் விற்றவர் பெயரிலேயே இருக்கலாம். இறந்த பாட்டனார் பெயரிலேயே இருக்கலாம். ரேஷன் குறுஞ்செய்தியையும் படியாமல் அழித்துவிடாதீர்கள். வாங்காத சர்க்கரை வாங்கியதாக வந்தால், அதுவே உங்கள் புகாருக்கு ஆதாரம்.

ஜமாஅத்தின் பங்கு

மஹல்லா நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வக்ஃபு சொத்து விவரங்களைப் பதிவேற்றுவதற்கான 'உமீத்' இணையதளம் 2025 ஜூன் 6 இல் தொடங்கப்பட்டு, ஆறு மாதக் கெடு விதிக்கப்பட்டது. அதற்கு அடிப்படையான சட்டத்தைப் பற்றிய விவாதமும் வழக்குகளும் ஒருபுறம் இருக்கட்டும். பெட்டியில் பூட்டி வைத்திருந்த பழைய பத்திரங்கள் செல்லரித்துப் போயிருப்பதையும், சர்வே எண்ணே தெரியாமல் சொத்தை நிர்வகித்து வந்ததையும் முத்தவல்லிகள் பலர் அந்த ஆறு மாதங்களில்தான் உணர்ந்தார்கள். ஆவணத்தைத் தேடத் தொடங்கும் நாள், கெடு முடியும் நாளாக இருக்கலாமா?

பள்ளிவாசலுக்கு அருகில் ஓர் அறை, ஒரு கணினி, படித்த இளைஞர் இருவர், ஆலோசனை சொல்ல ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர் ஒருவர். வாரத்தில் ஒரு நாள், ஜும்ஆவுக்குப் பின் இரண்டு மணி நேரம் போதும். பெண்கள் தயக்கமின்றி வந்து கேட்க, படித்த சகோதரி ஒருவரும் அங்கு இருத்தல் நன்று. மஹல்லாவின் எல்லாச் சமயத்து அண்டைவீட்டாருக்கும் அந்தக் கதவு திறந்திருக்கட்டும். பட்டாவின் பிழை எவருடைய சமயத்தையும் பார்த்து வருவதில்லை. ஒரே வகைக் குறை பத்துக் குடும்பங்களுக்கு இருக்குமானால், பத்து மனுக்களையும் ஒன்றாகத் தொகுத்து அதிகாரியிடம் கொண்டு செல்லலாம். தனித்தனியே சென்றால் பத்துத் துன்பங்கள்; ஒன்றாகச் சென்றால் அது நிர்வாகத்தின் குறை என்று எவரும் ஒப்புக்கொள்வார்.

நல்ல அதிகாரிகள் பலர் இருக்கிறார்கள். சரியான ஆவணத்துடனும் பண்பான சொல்லுடனும் வரும் மனுதாரரைக் கண்டால் அவர்களுக்கும் பணி எளிதாகும். குறையைச் சொல்லும்போது குரல் உயர வேண்டியதில்லை. ஆதாரம் வலுவாக இருந்தால் போதும். வேலை நிறைவேறியபின் நன்றி சொல்லவும் மறவாதீர்கள்.

படித்த பிள்ளைகளுக்கு இன்று ஒரு வேலை கொடுங்கள். பொழுதெல்லாம் கையில் வைத்திருக்கும் அந்தக் கைபேசியில், வீட்டுப் பட்டாவையும், வாக்காளர் பட்டியலில் பாட்டியின் பெயரையும் தேடி எடுக்கச் சொல்லுங்கள். பிழை ஏதேனும் கண்ணில் பட்டால், நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அதை எழுதி வையுங்கள். திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் அங்கிருந்தே தொடங்கலாம்.